மரக்காலுக்குள் குடை

மரக்காலுக்குள் குடையைச் செருகி வைக்கிற நாகரிகம் மதுரைக்கும் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தால் என்ன, வந்துவிட்டது. கே. கே. நகர்ப் பக்கமும் அண்ணா நகர்ப் பக்கமும் புதிதாக எழும்புகிற வீடுகளில், வாசலைத் தாண்டியதும் ஒரு பழைய மர மரக்கால் நம்மை வரவேற்கிறது. பித்தளைப் பூண் கண்ணாடிபோல் பளபளக்கிறது. உள்ளே இரண்டு குடை, ஒரு கைத்தடி. ஒரு வீட்டில் குடைக்குப் பதிலாகக் காகிதப் பூ. ஒரு விடுதியில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே மின்சார விளக்கை நிறுத்தியிருந்தார்கள். கவிழ்த்த மரக்காலைப் பார்த்தால் என் பாட்டி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

மரக்கால் கெட்டுப் போகிறதே என்று நான் அழவில்லை. மரம் எப்படியும் ஒரு நாள் உளுத்துப் போகும். அதை வைத்திருக்கிறவர்கள் அதன் பேரால் பேசுகிற பேச்சுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நண்பர் ஒருவர் இருக்கிறார். படித்தவர், நல்லவர், என் கதைகளைக்கூடப் படிக்கிறவர். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பேரம் பேசி வாங்கி வந்த மரக்காலை எனக்குக் காட்டி, "பாருங்கள் ஐயா, நம்முடைய பாரம்பரியம்!" என்று பூரித்துப் போனார். நானும் தடவிப் பார்த்தேன். நல்ல பலா மரம். காபி வருவதற்குள் அவருடைய டிரைவர் வந்து தலையைச் சொறிந்தார். உசிலம்பட்டிப் பக்கம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் செய்ய வேண்டும், இரண்டு நாள் லீவு வேண்டுமாம். லீவு கிடைத்தது. டிரைவர் தலை மறைந்ததும் நண்பர் என் பக்கம் திரும்பி, "இந்த ஜனங்கள் உருப்படவே உருப்படாது. கடன் வாங்கிச் சீர், கடன் வாங்கிச் சோறு, மைக் வைத்து மொய்! காட்டுமிராண்டித்தனம்" என்றார்.

பாத்திரம் பாரம்பரியம், பந்தி காட்டுமிராண்டித்தனம்! இந்தக் கட்சியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் மரக்கால் என்பது என்ன? அது பண்டம் போட்டு வைக்கிற பானை அல்ல, அளவு. நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறிக்கொண்டே போகிற தமிழன் கணக்கில் குறுணிக்கு இன்னொரு பெயர்தான் மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மரத்தைக் குடைந்து செய்ததால் மரக்கால். விளிம்பில் பூண் கட்டுவது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தலை வழிக்கிற கோல் ஆயிரம் தடவை உரசினால் வெறும் மர விளிம்பு தேயும். தேய்ந்தால் அளவு குறையும். அளவு குறைந்தால் வயிறு குறையும். அந்தப் பூணுக்கு மேல் தச்சனும் கன்னானும் இழைத்த வேலைப்பாடெல்லாம் பிறகு வந்தது.

மதுரைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் நம்மில் யார் வெளியே வருகிறோம்? அந்த முக்குறுணி என்ன என்று என் பேரப் பிள்ளைகளின் தோழர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் ஊர்ப் பெயர் என்றான். இன்னொருத்தி பிள்ளையாரின் உயரம் என்றாள்! மூன்று குறுணி அரிசி. கோயில் கணக்கில் 18 படி. விநாயக சதுர்த்தியன்று அவ்வளவு அரிசியையும் மாவாக்கி ஒரே கொழுக்கட்டையாகப் பிடித்துப் படைக்கிறார்களே, அதனால் அந்தப் பெயர். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு மண் தோண்டியபோது அகப்பட்ட பிள்ளையார் என்று ஊர் சொல்கிறது. திருமலை நாயக்கர் காலத்துச் சங்கதி. அளவு செத்துவிட்டது. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிலோவும் லிட்டரும் கடைக்குள் நுழைந்த பிறகு, குறுணியைப் பிள்ளையார் ஒருவர்தான் சுமந்துகொண்டிருக்கிறார்.

மரக்காலுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்ட ஜனங்கள் நாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். நடராஜப் பெருமானின் பெயர்! அது இராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கும் சாமிக்கும் வைக்கிற பெயரை ஓர் அளவுப் பாத்திரத்துக்கு வைத்தார்கள் என்றால், அது எவனோ ஒருவனுடைய வீட்டுச் சாமான் இல்லை, ஊர் அதன் முன்னால் நின்றது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிறைமரக்கால் நெல் வைப்பதும் அதனால்தான். களத்து மேட்டில் அம்பாரத்தை அளக்கிறவன் 'ஒன்று' என்று தொடங்க மாட்டான். 'லாபம்' என்று தொடங்கி, பிறகுதான் இரண்டு, மூன்று. மார்கழி அஷ்டமியில் சொக்கரும் மீனாட்சியும் சப்பரம் ஏறி வெளி வீதிகளைச் சுற்றி வருகிறார்களே, தெருவெல்லாம் அரிசி இறைபட, எல்லா உயிருக்கும் படியளக்கிறார்களாம். கடவுளுக்கே நம் ஊரில் அளவுக்காரர் உத்தியோகம்தான் கொடுத்திருக்கிறோம்.

ஆக, விருந்து என்றால் அளவு. அளவு என்றால் மரக்கால். "எத்தனை மரக்கால் வடித்தார்கள்?" என்று கேட்டுத்தான் அந்தக் காலத்தில் ஒரு கல்யாணத்தின் கனத்தை எடை போடுவார்கள்.

மீனாட்சி கல்யாணமே அப்படி ஒரு வம்பில் முடிந்ததுதானே? சமைத்த சோறு மலைபோல் மிஞ்சிக் கிடக்கிறது என்று பெண் வீட்டில் பெருமை பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டு குண்டோதரன் என்ற ஒரே ஒரு பூதத்தைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அத்தனையும் தீர்ந்தது, பசி தீரவில்லை. பிறகு அன்னக்குழி, பிறகு தாகம், பிறகு 'வை கை' என்று சொல்லி ஓர் ஆற்றையே வரவழைக்க வேண்டியதாயிற்று. நம் வைகை, சம்பந்திச் சண்டையில் பிறந்த ஆறு. போட்டி விருந்தின் பெருமையும் அதன் கேலியும் ஒரே கதையில் இருக்கின்றன. இந்த ஊரில் இருந்துகொண்டு உசிலம்பட்டிக்காரனைப் பார்த்து மூக்கைச் சுளிக்க என்ன யோக்கியதை நமக்கு? சித்திரை மாதம் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் பல்லாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு அம்மனுக்கு மொய் எழுதுகிறார்கள். என் நண்பரும் எழுதுகிறார். ரசீதைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறார். அம்மனுக்கு எழுதினால் பக்தி, அக்கா மகளுக்கு எழுதினால் காட்டுமிராண்டித்தனம்.

இந்தக் 'காட்டுமிராண்டித்தன'த்தைப் படிக்க ஒரு பிரெஞ்சுக்காரர் கடல் தாண்டி வந்தார். லூயி துய்மோன் என்று பெயர். 1949-50-இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி, யார் யாருக்குச் சீர் கொண்டுபோகிறார்கள், அது எப்படித் திரும்பி வருகிறது, மாமன் மச்சான் உறவு எப்படி இந்தக் கொடுக்கல் வாங்கலில் நிற்கிறது என்றெல்லாம் ஊன்றிப் பார்த்தார். 1957-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். துய்மோனுக்கு ஆசிரியர் மார்செல் மோஸ். அந்த மோஸ், 1925-இல் கொடையைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட ஜனங்களில் ஒரு கூட்டம் ட்லிங்கிட் மக்கள். அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலோரத்துப் பழங்குடிகள். உசிலம்பட்டிக்கும் அலாஸ்காவுக்கும் முடிச்சுப் போட்டவன் நான் இல்லை, ஐயா. ஆசிரியரும் மாணவருமாக அவர்கள் இருவரும்தான்.

ட்லிங்கிட் மக்களைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அவர்கள் சமூகம் இரண்டு பாதி. ஒன்று அண்டங்காக்கை, மற்றது கழுகு. காக்கைப் பக்கத்தான் கழுகுப் பக்கத்தில்தான் பெண் எடுக்க வேண்டும். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். தாய்மாமனுக்குப் பெரிய இடம். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், ஊரில் பாதிப் பேர் பங்காளி, பாதிப் பேர் மாமன் மச்சான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் காரியங்களைச் செய்கிறவர்கள் எதிர்ப் பாதிக்காரர்கள். பிறகு ஒரு நாள், இறந்தவனின் குலத்தார் அந்த எதிர்ப் பாதியை அழைத்துப் பெரிய விருந்து வைத்து, போர்வையும் பொருளும் கொடுத்து நன்றி தீர்ப்பார்கள்.

அந்த விருந்துக்கென்று மரப் பாத்திரங்கள். ஒரே கட்டையைக் குடைந்து நீர்நாய் போலவும் கடல்நாய் போலவும் தவளை போலவும் செய்தவை. விலங்கின் தலை ஒரு பக்கம், வால் மறு பக்கம், வயிற்றில் சோறு. நம் மரக்காலுக்குப் பித்தளை என்றால் அவர்களுக்குக் கடல் தந்த பொருள். கடல் நத்தையின் வாய்மூடி வெள்ளை வெளேரென்று இருக்கும். அதை விளிம்பில் வரிசையாகப் பதிப்பார்கள். வானவில்போல் மின்னும் சிப்பியைக் கண்ணுக்குப் பதிப்பார்கள். மீன் எண்ணெயும் கடல்நாய் எண்ணெயும் தலைமுறை தலைமுறையாக ஊறி மரம் கறுத்துப் பளபளக்கும். சில பாத்திரங்களை ஒற்றைப் பலகையில் செய்வார்கள். மூன்று இடத்தில் கீறி, நீராவியில் வேகவைத்து, மடக்கிப் பெட்டியாக்கி, நான்காவது மூலையைத் தைத்துவிடுவார்கள். ஆணி கிடையாது. நம் ஆசாரிமார் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அவர்களுக்கும் 'காட்டுமிராண்டித்தனம்' என்று சொல்லும் நண்பர்கள் வாய்த்தார்கள். பாதிரிமார் வைதார்கள். பக்கத்து நாடான கனடாவில் சட்டமே போட்டார்கள். 1885 முதல் 1951 வரை அங்கே இந்த மாதிரி விருந்து வைப்பது குற்றம். வேடிக்கை என்னவென்றால், விருந்தை ஏசிய அதே காலத்தில்தான் விருந்துப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டுபோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மியூசியங்களை நிரப்பினார்கள். பந்தி பாவம், பாத்திரம் கலை. என் நண்பருடைய கட்சிக்கு இவ்வளவு பழைய வம்சாவளி இருக்கிறது.

அலாஸ்காவில் க்ளுக்வான் என்று ஒரு கிராமம். அங்கே கானெக்ஸ்தேதி என்ற காக்கைப் பக்கத்துக் குலத்தாருக்குத் திமிங்கில வீடு என்று பெயர் பெற்ற குலவீடு. செதுக்கிய நான்கு தூண்கள், ஓவியம் தீட்டிய பெரிய மர மறைப்பு, ஆள் நீளத்தையும் மிஞ்சிய மரப்புழு வடிவான விருந்துத் தட்டு, எல்லாம் அந்த வீட்டின் சொத்து. மரப்புழுவுக்கு ஒரு கதை உண்டு. ஒரு தலைவனின் மகள் யாருக்கும் தெரியாமல் ஒரு மரப்புழுவைப் பிள்ளையாக வளர்த்தாளாம். அது வளர்ந்து வளர்ந்து ஊரின் உணவையெல்லாம் தின்ன, ஊரார் அதைக் கொன்றார்களாம். குண்டோதரனுக்குத் தம்பி! அந்தப் பசியின் உருவத்தையே தட்டாகச் செய்து அதிலே ஊருக்குச் சோறு போட்டார்கள். இதைவிடப் பெரிய கவிதை எனக்கு வராது.

1984-இல் அந்தத் தூண்களையும் மறைப்பையும் ஒரு பழம்பொருள் வியாபாரி வெளியே கொண்டுபோனார். குலத்தாரிலேயே சிலர் சம்மதித்துத்தான். கிராமம் சும்மா இருக்கவில்லை. ஊரின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட பொருள் எதுவும் வெளியேறக் கூடாது என்று 1976-லேயே அவர்கள் விதி செய்து வைத்திருந்தார்கள். வருஷக் கணக்காக வழக்கு நடந்தது. 1993-இல் அந்த ஊர்ப் பழங்குடி மன்றமே தீர்ப்புச் சொன்னது: இவை குலத்தின் சொத்து, எந்தத் தனி ஆளுக்கும் விற்க உரிமை இல்லை, திருப்பிக் கொடு. பொருள்கள் ஊர் திரும்பின. 1990-இல் அமெரிக்க அரசே ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கிறது. ஒரு கூட்டத்தாரின் பொது உடைமையான இத்தகைய பொருள்களை அவர்களில் ஒருவன் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

நமக்கும் 1972-இல் தொல்பொருள் சட்டம் ஒன்று உண்டு. நூறு வருஷப் பழமை இருந்தால் தொல்பொருள். தனியார் கடல் கடத்தி விற்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் மதுரையிலிருந்தே ஒரு கிராமத்துப் பொது மரக்கால் ஒரு பங்களாவின் குடைத் தாங்கியாகிறதே, அதைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு வாய் இல்லை. வாங்கினவரும் கேட்பதில்லை. எந்த ஊர் மரக்கால்? கோயிலுடையதா, வீட்டுடையதா? விற்றவன் சொந்தமாக விற்றானா, பங்காளிகள் அறியாமல் விற்றானா? கத்தரிக்காய் வாங்கினால் எந்த ஊர்க் காய் என்று கேட்கிற நாம், இதைக் கேட்பதில்லை. தெரிந்தால் விலை குறையுமோ கூடுமோ என்ற பயம் கடைக்காரருக்கு. தெரிந்தால் உறுத்துமோ என்ற பயம் நமக்கு.

இதைப் படித்துவிட்டு, 'ஆகா, அந்தக் காலமே பொற்காலம்' என்று பாடுகிறவர்கள் என் தோளில் கை போட வேண்டாம். அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. மரக்காலைப்போலத் திருட்டுக்குச் சௌகரியமான பாத்திரம் வேறு கிடையாது. உள்ளே கொஞ்சம் சுரண்டினால் அளவு கூடும். அடியில் அரக்கை உருக்கி ஊற்றினால் குறையும். குத்தகை வாங்க ஒரு மரக்கால், கூலி கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த புண்ணியவான்கள் நம் தேசத்தில் உண்டு. வாங்கும்போது கும்பாரமாகக் குவித்து அளப்பது, கொடுக்கும்போது தலையை வழித்து அளப்பது. 1940-களில் தஞ்சைச் சீமையில் பண்ணையாட்கள் செங்கொடி பிடித்து எழுந்தபோது, சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். சவுக்கடியை நிறுத்து என்று கேட்ட அதே மூச்சில் மரக்காலையும் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தியதும் கூலி நெல் தகராற்றின் முடிவில்தான். ஆகவே கிலோ வந்ததற்கு நான் அழப் போவதில்லை. கிலோக் கல்லுக்கு ஜாதி தெரியாது. ட்லிங்கிட் விருந்துகளின் அந்தக் காலமும் சொர்க்கம் இல்லை. அவர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள்.

மொய்யும் அப்படித்தான். மொய் நோட்டைக் கண்டு நடுங்குகிற ஏழை வீடுகளை எனக்குத் தெரியும். போன வருஷம் வாங்கிய ஐந்நூறுக்கு இந்த வருஷம் ஆயிரம் எழுத வேண்டுமே என்று தாலியை அடகு வைத்த பெண்ணை எனக்குத் தெரியும். அதே மொய்யால் வட்டிக்காரன் வாசல் மிதிக்காமல் கிணறு வெட்டியவனையும் தெரியும். குற்றம் சொல்கிறவர் சொல்லட்டும். ஆனால் வரவேற்பறையில் மரக்காலை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம். வைத்திருந்தால் அந்தக் களவையும் அந்தக் கூலியையும் அந்தப் பந்தியையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பித்தளையை மட்டும் துலக்கி, நெல்லையும் இரத்தத்தையும் துடைத்துவிட்டால் அது என்ன பாரம்பரியம்?

இன்னொன்று. பழையதற்கு இத்தனை ஆயிரம் கொடுக்கிறவர்கள் புதியதற்குப் பத்து ரூபாய் கொடுப்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மரக்காலின் உடன்பிறப்பான 'பற' இன்னும் உயிரோடு இருக்கிறது. கோயில் உற்சவத்தில் யானை மேல் சாமி வரும்போது வீட்டு வாசலில் பற நிறைய நெல் நிறைத்து வைக்கிறார்கள். கல்யாணத்திலும் நிறைபற உண்டு. ஆகையால் அங்கே பலா மரம் கடைந்து பித்தளை பதிக்கிற தச்சனுக்கு வேலை உண்டு. நம் பக்கத்துத் தச்சனுக்கு என்ன இருக்கிறது? பிளைவுட் அலமாரி, தொழிற்சாலைக் கதவுக்குக் கீல் மாட்டுவது.

மேலூர் போகிற வழியில் ஒரு வயதான ஆசாரியிடம் போனேன். பேத்திக்குக் காதுகுத்து வருகிறது, ஒரு மரக்கால் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பழசாட்டம் வேணுமாங்கய்யா? புதுசாச் செஞ்சு சாயம் ஏத்திப் பழசாக்கித் தாரேன். டவுனுக்காரவுக அப்படித்தான் கேக்காக."

"வேண்டாம். புதுசாகவே இருக்கட்டும். நெல் அளந்து வைக்க வேண்டும்."

"அளக்கவா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அழகுக்குன்னா கண்ணு மட்டத்துக்குக் கடைஞ்சு குடுத்துருவேன். அளக்கன்னா அது வேற வேலைங்கய்யா. ஒரு நூல் கூடினாலும் குத்தம், குறைஞ்சாலும் குத்தம். உங்க ஊர் மரக்காலுக்கு எத்தனை படி?"

"ஆறு."

"படி இருக்கா வீட்டுல?"

மறுநாள் எங்கள் வீட்டு இரும்புப் படியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவரசு போதும், பலா விலை அதிகம் என்றார். கட்டை நன்றாகக் காய வேண்டும், ஈர மரத்தில் கடைந்தால் பின்னால் சுருங்கி அளவைத் தின்றுவிடும் என்றார். உள்ளே கடைவதும் படியால் அரிசி கொட்டிப் பார்ப்பதும் மறுபடி கடைவதுமாகப் பத்து நாள் வேலை; பூண் மட்டும் மதுரையில் ஆள் வைத்து அடிக்க வேண்டும். ஐப்பசி மழை கழிந்து தை பிறந்ததும் தருவதாகச் சொல்லி அச்சாரம் வாங்கிக்கொண்டார். காதுகுத்தை மாசிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.